நான் உரித்துக் கொடுத்த முத்திரை

போன மாதம் எனக்கு ஓய்வூதியம் தருகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியொன்று வேண்டுமாம். இத்தனை வருடமாக மாதம் தவறாமல் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, இந்த மனுஷி உண்மையிலேயே பிறந்தவள்தானா என்று இப்போதுதான் சந்தேகம் வந்திருக்கிறது. வரட்டும், எனக்கே சில நாட்களில் அந்தச் சந்தேகம் வருவதுண்டு.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையால் இறங்கிப் பாமன்கடைப் பக்கமாக நடந்தால் ஒரு கொம்யூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி, போன் ரீலோட், கனடாவுக்குப் பார்சல், விசா போர்ம் நிரப்புவது எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். கடையை நடத்துகிற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும், படு கெட்டிக்காரி. கடிதத்தை வாசித்துவிட்டு, “இதுக்கேன் ஆன்ரி கந்தோருக்கு அலையப்போறீங்கள்? இப்ப எல்லாம் ஒன்லைன்தானே” என்று கொம்பியூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள்.

முதல் கேள்வியே பதிவு இலக்கம். எனக்குத் தெரியாது. பதிவு செய்த திகதியும் தெரியாது. அவள் சிரித்துவிட்டாள்.

“ஆன்ரி, நீங்கள் பேர்த் சேர்ட்டிபிக்கட் குடுக்கிற கந்தோரிலதானே வேலை செய்தனீங்கள்? உங்கட நம்பரே தெரியாதோ?”

“ஊராற்ர நம்பரெல்லாம் தெரியும். என்ர மட்டும் தெரியாது.”

“நம்பர் தெரியாட்டித் தேடுற பீஸ் கட்டோணும். பிறந்த திகதி தெரியும்தானே? அப்ப குறைஞ்ச பீஸைப் போடுவம். அந்தத் திகதியை ஒட்டி மட்டும் தேடுவினம். ரெண்டு வருஷம் தேடுறதெண்டாக் கூடக் கட்டோணும், சும்மா வீண் காசு.”

“வேண்டாம். ரெண்டு வருஷத்துக்கும் கட்டு” என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. போட்டோக் கொப்பிக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன், அவளுடைய ஒரு கன்னம் வீங்கியிருந்தது. “பல்லுக்குத்து ஆன்ரி, கராம்பு வைச்சிருக்கிறன்” என்றாள். மேசைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் அந்த வாசம் வந்தது. நான் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் வாசம் கூடவே வந்துவிட்டது. இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வைத்தது அந்தக் கராம்புதான்.

எங்கள் கந்தோரில் பசைக்குக் கராம்பு போடுவோம். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் கட்டிபடாமல் காய்ச்சி, துளி துருசும் இடித்த கராம்பும் சேர்த்தால் பசையைப் பூச்சி தின்னாது. பழைய பதிவுப் புத்தகங்களின் கழன்ற தாள்களை அந்தப் பசையால்தான் ஒட்டுவோம். மாவும் கராம்பும் எங்கள் வீடுகளில் இருந்து போகும். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவரின் முறை. பாணுக்கு விடியற்காலையிலேயே கியூ நின்ற காலம் அது. என் முறை வரும்போதெல்லாம் அம்மா ஏசுவா. “சனம் தின்ன மாவில்லாமல் நிக்குது, நீ கொண்டுபோய் அரசாங்கத்தின்ர புத்தகத்துக்குத் தீத்துறாய்.” ஏசிக்கொண்டே ஒரு ஜாம் போத்தலில் மாவை நிரப்பித் தருவா.

அரசாங்கத்தின் புத்தகத்தை ஒட்ட ஏன் எங்கள் வீட்டு மா என்று நீங்கள் கேட்பீர்கள். அதைக் கொஞ்சம் விளக்கமாகத்தான் சொல்லவேண்டும், சலிக்காமல் கேளுங்கள். ஒரு பதிவின் பிரதி வேண்டியவர் விண்ணப்பத்தில் கட்டணத்துக்கு முத்திரை ஒட்டிக் கொடுப்பார். முத்திரையின் மேல் நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு கீறித் துளையும் போடுவேன், யாரும் கழற்றித் திரும்பப் பாவிக்காமலிருக்க. காசாகக் கட்டுகிறவர்களிடம் சிறாப்பர், அதுதான் எங்கள் காசாளர், வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதுவார். அந்தக் காசு அன்றைக்கே வங்கிக்குப் போய்விடும். முத்திரைக் காசோ முதலிலேயே போய்விட்டது. எல்லாம் திறைசேரிக்கு. எங்கள் கந்தோரின் வாசலைத் தாண்டி வந்த கட்டணத்தில் ஒரு சதம்கூட எங்கள் கந்தோருக்கு இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வோட் என்று ஒரு செலவு ஒதுக்கீடு வரும், மைக்கும் நிப்புக்கும் சவர்க்காரத்துக்கும். புத்தகம் கட்டுவதற்கு அதில் இடமில்லை. பால் கறந்துகொண்டு புல்லுப் போடாத வீடு மாதிரி. ஒவ்வொரு பிரதிக்கும் புத்தகத்தை விரிக்க வேண்டும், ஒவ்வொரு விரிப்புக்கும் அதன் முதுகு கொஞ்சம் உடையும். அதிகம் சம்பாதித்துக் கொடுத்த புத்தகம்தான் அதிகம் கிழிந்து கிடந்தது.

எங்கள் பெரிய கிளாக்கர் ஒரு சிங்கள மனிதர், சாந்தமானவர். வருடா வருடம் புத்தகம் கட்டக் காசு கேட்டு மேலே எழுதுவார். இந்த வருட வோட்டில் இல்லை, அடுத்த வருடம் கவனிக்கப்படும் என்று வருடா வருடம் பதில் வரும். அந்தக் கடிதங்களைக் கோத்து வைத்த பைல்தான் எங்கள் கந்தோரிலேயே கட்டுக் குலையாமல் இருந்த ஒரே புத்தகம்.

எனக்கு வேலை கிடைத்ததே பழைய தமிழ்க் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்ததால்தான். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய பதிவுகளில் பாதி தமிழில் இருந்தன. நான் பிரதி எழுதுகிற கிளாக். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சிங்களச் சோதனையில் இரண்டு முறை கோட்டை விட்டதால் சம்பளம் மட்டும் ஏறாமல் நின்றது. வெள்ளவத்தையில் ரயிலேறிக் கடலைப் பார்த்துக்கொண்டே கோட்டையில் இறங்குவேன். அங்கிருந்து நடந்துபோய்ப் பகல் முழுக்கக் கொட்டாஞ்சேனைக்குள் இருப்பேன், புத்தகத்துக்குள் இருக்கும் கொட்டாஞ்சேனைக்குள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் பிறந்தார், தகப்பன் துறைமுகத்தில் என்ன வேலை, பிள்ளைக்கு வைத்த பெயர் என்ன, எல்லாம் தெரியும். உண்மையான கொட்டாஞ்சேனைக்கு அந்தோனியார் திருநாளுக்குச் சிநேகிதிகளோடு போனதைத் தவிர நான் போனதில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களில் அதிகம் பேர் பிரஜாவுரிமைக்காக வந்தவர்கள். இந்தியாவிலிருந்து முன்னோர் வந்த குடும்பம் என்றால், தான் இங்கே பிறந்ததைக் காட்டினால் போதாது. தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்களை இரண்டு அரசாங்கங்களும் பேசிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று. இந்தியாவின் பங்குக்கு விழுந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேற வேண்டும். என்னிடம் என் தகப்பனின் பிறப்பை யாரும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்துப் பெயர் போதுமாயிருந்தது. அது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீரபத்திரன் வந்தது ஒரு மழைநாளில். கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் குடியிருந்தவர். தோட்டமென்றால் தேயிலையும் இல்லை தென்னையும் இல்லை, ஒரு பொதுக் குழாயைச் சுற்றி நெருங்கியிருக்கும் ஒற்றையறை வீடுகளுக்குக் கொழும்பில் அதுதான் பெயர். புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற வேலை. இடுப்பில் மூட்டைக் கொக்கி செருகியிருந்தார். கவுண்டருக்கு வந்ததும் அதை எடுத்துக் கீழே நிலத்தில் வைத்துவிட்டுத்தான் பேசினார். கோயிலுக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதுபோல.

“மிஸ், எங்கப்பாரோட பொறப்புச் சீட்டு வேணுங்க. பேரு காத்தமுத்து. அவரு இங்கதாங்க பொறந்தாரு, கொட்டாஞ்சேனையில.”

தன்னுடைய பிறப்புப் பத்திரம் கையில் இருந்தது. தகப்பனுடையது மட்டும்தான் இல்லை. அது கிடைத்தால் அவரும் மனைவியும் மகளும் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் கப்பல். இவ்வளவையும் அவர் சொல்லவில்லை. அந்த நாட்களில் யாரும் சொல்லத் தேவையில்லை.

ஒரு புகையிலை டப்பாவைத் திறந்து துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்தார். கோயில் ஐயர் யாரோ எழுதிக் கொடுத்தது. காத்தமுத்து பிறந்த நாள், மாதம், வருடம் எல்லாம் சுத்தமாக இருந்தன. எங்கள் கவுண்டருக்கு வருகிறவர்கள் ‘பெரிய மழை பெய்ஞ்ச வருஷமுங்க’ என்றுதான் வழக்கமாகத் திகதி சொல்வார்கள். அச்சொட்டாகத் திகதி கொண்டுவந்த மனிதரைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

விண்ணப்பத்தைப் பார்த்தேன். இரண்டு வருடம் தேடுவதற்கான கட்டணத்துக்கு முத்திரை வாங்கி வந்திருந்தார். ஒன்றை ஒட்டியே விட்டிருந்தார்.

“திகதி தெரியும்தானே? பிறகேன் ரெண்டு வருஷத்துக்குக் கட்டுறீங்கள்?”

“முத்திரைக்காரரு இம்புட்டு ஒட்டணும்ன்னாருங்க.”

“அவருக்கு முத்திரை வித்தாச் சரி. திகதி தெரிஞ்சவைக்குக் குறைஞ்ச கட்டணம் காணும். வீண் காசு கட்டாதேங்கோ.”

ஒட்டியிருந்த முத்திரையை நானே நகத்தால் மெல்லக் கிளப்பி உரித்தேன். மழை ஈரத்தில் பசை காய்ந்திருக்கவில்லை, கிழியாமல் முழுசாக வந்தது. அதை அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். குறைந்த கட்டணத்துக்கு அவரிடமிருந்த சின்ன முத்திரையை ஒட்டினேன், மிச்சத்தை அவர் டப்பாவில் வைத்துக்கொண்டார். வெளியே நின்ற முத்திரைக்காரர் கொஞ்சம் குறைத்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொள்வார். எவ்வளவு மிச்சமென்று இப்போது ஞாபகமில்லை, ஒன்றரை ரூபாயோ இரண்டு ரூபாயோ. அது மறந்துபோனது எனக்குப் பெரிய வெட்கம்.

அன்றைக்கு எனக்குள் இருந்த பெருமையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் புத்தகத்துக்குப் பசை வாங்கக்கூடக் காசு தராத திறைசேரிக்கு, மூட்டை தூக்குகிற ஒரு மனிதனின் இரண்டு ரூபாய் போகாமல் தடுத்துவிட்டேன் என்ற பெருமை. ரயிலில் வீடு வரும்வரை அதே நினைப்பு. அம்மாவிடம் சொன்னேன். “நல்ல வேலை செய்தாய்” என்றா. இரவு நல்லாய்த் தூங்கினேன்.

அடுத்த நாள் தேடினேன். அந்தத் திகதியிலிருந்து மூன்று மாதம். குறைந்த கட்டணத்துக்கு அவ்வளவுதான் தேட வேண்டும். ஒரு முறை இல்லை, மூன்று முறை தாள் தாளாகப் பார்த்தேன். காத்தமுத்து இல்லை.

பதிவுப் புத்தகம் பிறந்த திகதி வரிசையில் போவதில்லை, பதிந்த திகதி வரிசையில் போகும். பிந்திப் பதிந்த பிள்ளை பிந்திய புத்தகத்தில்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாதது இல்லை, சோதனையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். ஆனால் திகதி இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது பதிவும் அந்தத் திகதியிலேயே இருக்கும் என்று என் மூளை முடிவு கட்டிவிட்டது. இரண்டு வருடக் கட்டணம் கட்டியிருந்தால் என் மூளை என்ன நினைத்தாலும் நான் இரண்டு வருடத்தையும் புரட்டியே ஆக வேண்டும். கட்டணம் என்பது திறைசேரிக்குப் போகிற காசு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எங்களை உட்கார்த்தித் தேட வைக்கிற கட்டளையும் அதுதான் என்று எனக்குப் புரியவில்லை.

வீரபத்திரன் வந்தார். இல்லை என்றேன். அவருடைய முகத்தை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

“இன்னொருக்காப் பாக்கலாங்களா மிஸ்?”

“பார்க்கலாம். திரும்பக் கட்ட வேணும். ஆனா நான் மூண்டு தரம் பாத்திட்டன், வீண் காசு.”

அவர் என்னை நம்பினார். முத்திரையை உரித்துக் கொடுத்தவளல்லவா. நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ‘மேற்குறித்த காலப்பகுதியில் இப்பெயரில் பதிவு எதுவும் காணப்படவில்லை.’ என் முத்து முத்தான எழுத்தில். மேற்குறித்த காலப்பகுதியில் என்ற சொற்களை அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். காத்தமுத்து இந்த நாட்டில் பிறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். விண்ணப்பம் எதுவும் இல்லை. கையில் பேப்பரில் சுற்றிய பேரீச்சம்பழம். கப்பலுக்கு நாள் குறித்துவிட்டார்களாம். எனக்குச் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார்.

“நீங்க அன்னிக்கி மிச்சம் புடிச்சிக் குடுத்தீங்கல்ல மிஸ், அந்தக் காசுல புள்ளைக்கு ரிப்பன் வாங்கினேன். செவப்பு ரிப்பன். கப்பல்ல கட்டிக்கிட்டுப் போவேங்குது.”

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். மனைவி எப்படி என்று கேட்டேன்.

“அவதான் மிஸ் அழுதுகிட்டே கெடக்கா. எங்க மூத்த புள்ள மாதம்பிட்டி மயானத்துல இருக்கு. அத வுட்டுட்டு வரமாட்டேங்குறா.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், யாரும் கேட்கக்கூடாது என்பதுபோல. “எங்கப்பாரு சாகுற மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க, நான் இந்த மண்ணுல பொறந்தவன், இந்த மண்ணுல பொறந்தவன்னு. சும்மா வெறும்பேச்சு பேசியிருக்காரு போல. கவருமெண்டு புக்குலயே இல்லாதத நாம என்னா சொல்றது.”

கும்பிட்டுவிட்டுப் போனார். பேரீச்சம்பழத்தை நாங்கள் எல்லோரும் பகிர்ந்து தின்றோம். நல்ல இனிப்பு.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் போயிருக்கும். அந்த மாதம் மா என் முறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருமாக உட்கார்ந்து தாள் ஒட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு வந்தது ஒரு வருடம் பிந்திய புத்தகம். கழன்ற தாளின் ஓரத்தில் பசை தடவித் திருப்பிப் போடும்போது ‘காத்தமுத்து’ என்று கண்ணில் பட்டது. அந்தப் பெயர் கொட்டாஞ்சேனையில் எத்தனையோ பேருக்கு இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பிறந்த திகதியைப் பார்த்தேன். துண்டுக் காகிதத்தில் இருந்த அதே நாள், அதே மாதம், அதே வருடம். கோயில் ஐயர் ஒரு பிழையும் விடவில்லை. பதிந்தது மட்டும் ஒரு வருடமும் ஐந்து மாதமும் பிந்தி. அறிவித்தவர் தாய். தகப்பன் இறந்துபோனதால் தாமதம் என்று எழுதியிருந்தது. கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் அடையாளம்.

கையிலிருந்த பசை மட்டையில் பசை காயும்வரை நான் அப்படியே இருந்தேனாம். பக்கத்தில் இருந்தவ என் தோளைப் பிடித்து உலுப்பினா.

பெரிய கிளாக்கரிடம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் விண்ணப்பத்தை எடுப்பித்தார், ஒட்டியிருந்த முத்திரையைப் பார்த்தார், என் கடிதத்தின் நகலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மிஸ்கே வெரத்தக் நே” என்றார். உங்களில் பிழையில்லை என்று. பிறகு, “கெவப்பு காணட்ட ஹெவ்வா” என்றார். கட்டின காசுக்குத் தேடினீர்கள். அவர் என்னைத் தேற்றுவதற்குத்தான் சொன்னார், நல்ல மனிதர். சட்டப்படி அது சரியும்கூட. ஆனால் அதைவிட அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கட்டணம் இல்லாமல் பிரதி எழுதக்கூடாது, கந்தோர்க்காரருக்கும் அதுதான் விதி. நான் வெளியே போய் முத்திரைக்காரரிடம் முத்திரை வாங்கினேன். இரண்டு வருடத் தேடலுக்கும் சேர்த்து. ‘உங்களுக்கேன் மிஸ் முத்திரை’ என்று கேட்டார். என் பெயரில் விண்ணப்பம் எழுதி, நானே ஒட்டி, நானே சிவப்புக் கோடு கீறி, காத்தமுத்துவின் பிறப்பை நானே பிரதி எழுதினேன். பெரிய கிளாக்கர் மறு பேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். அந்த முத்திரைக் காசும் திறைசேரிக்குத்தான் போனது.

சனிக்கிழமை அதை ஹான்ட்பாக்கில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். விலாசம் விண்ணப்பத்தில் இருந்தது. ஒருவேளை கப்பல் பிந்தியிருக்கும், ஒருவேளை மனைவி வரமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றிருப்பா. பஸ்ஸில் இப்படியெல்லாம் கதை கட்டிக்கொண்டு போனேன். அந்த அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. பக்கத்து வீட்டுப் படியில் ஒரு முஸ்லிம் பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

“அவங்க போயி மிச்சம் நாள் மிஸ். நீங்க ஆரு?”

கந்தோரில் இருந்து வந்திருக்கிறேன் என்றேன். அவருடைய தகப்பனின் பத்திரம் கிடைத்துவிட்டது என்றேன். அவ சுளகைக் கீழே வைத்தா.

“அல்லாஹ்வே. இப்பவா கெடச்ச?”

உள்ளே போய் ஒரு மூட்டைக் கொக்கியை எடுத்து வந்து காட்டினா. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தா. “இத எங்கிட்டத் தந்துட்டுப் போனாரு. திரும்பி வந்தாத் தேவைப்படும், வச்சிக்கங்கன்னாரு. இந்தியாவுல இந்த மாதிரிக் கொக்கி இருக்குமோ இல்லையோன்னாரு.” எனக்கு ஒரு பிளேன்டீ தந்தா. குடிக்க முடியவில்லை. அவர்களிடமிருந்து கடிதம் வந்தால் எனக்கு அறிவிக்கும்படி வெள்ளவத்தை விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை.

கப்பலில் போனவர்களை அந்தக் கரையில் முதலில் மண்டபம் முகாமில் இறக்குவார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே எழுதினேன். இரண்டு மாதம் கழித்து என் கடிதமே திரும்பி வந்தது, அப்படியொருவர் இப்போது இங்கில்லை என்ற குறிப்போடு. பதிவு காணப்படவில்லை என்பதை அவர்கள் வேறு சொற்களில் எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வேலையை விட்டு வரும்வரை நான் ஒருவருக்கும் கட்டணத்தில் மிச்சம் பிடித்துக் கொடுக்கவில்லை. திகதி தெரிந்தவர்களையும் இரண்டு வருடத்துக்குக் கட்டு, நான்கு வருடத்துக்குக் கட்டு என்று வற்புறுத்துவேன். சிலர் கெஞ்சுவார்கள். சிலரிடம் உண்மையிலேயே காசிருக்காது, அப்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் பின்னேரத்தில் தங்கியிருந்து சும்மா தேடுவேன். ஆனால் கவுண்டரில் இளகமாட்டேன். எனக்குக் ‘காசுபிடுங்கி மிஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அந்தக் காசைச் சாப்பிடுகிறேன் என்றுகூடக் கதை இருந்தது. நான் மறுக்கவில்லை.

பிறகு எண்பத்து மூன்றின் அந்த ஆடி மாதம் வந்தது. தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டையும். ஒரு காலத்தில் எதையும் காட்டத் தேவையில்லாமல் இருந்ததற்குக் காரணமான அதே யாழ்ப்பாணத்துப் பெயர்தான் வீட்டு மதிலில் எழுதியிருந்தது. அம்மாவின் தையல் மெசின், ஜாம் போத்தல்கள், என் சோதனைப் பத்திரங்கள், பிறப்புப் பத்திரம் எல்லாம் போய்விட்டன. நான் ஹான்ட்பாக்கோடு மட்டும் ஓடினேன். அதற்குள் ரயில் சீசன் டிக்கட்டும் ஒரு சீப்பும் காத்தமுத்துவின் பிறப்புப் பத்திரமும் இருந்தன. அன்றிரவு பாடசாலை மண்டபத்தில் சனத்துக்கு நடுவில் படுத்திருந்தபோது, நான் இந்த நாட்டில் பிறந்ததற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை, வீரபத்திரனின் தகப்பன் பிறந்ததற்கு இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

இப்போது அந்தப் பழைய கந்தோர்க் கட்டடமே இல்லை. முத்திரைக்காரர் நின்ற இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. கட்டணத்தைத் தொலைபேசியால் கட்டலாம், யாருடைய நகமும் படாது. கொட்டாஞ்சேனையில் அந்தத் தோட்டத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அரிசி புடைத்த பெண் எங்கே போனாவோ, அந்தக் கொக்கியை யாரிடம் கொடுத்தாவோ. நாங்கள் ஒட்டிய புத்தகங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன், ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெரிய கிளாக்கரும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டா.

நேற்று கொம்யூனிகேஷன் கடைப் பெண் கூப்பிட்டுச் சொன்னாள், என்னுடையது கிடைத்துவிட்டதாம். “ஆன்ரி, நீங்கள் சொன்னது நல்லதாப் போச்சு. உங்களை ஒம்பது மாசம் பிந்தித்தான் பதிஞ்சிருக்கினம். குறைஞ்ச பீஸ் கட்டியிருந்தா இல்லையெண்டுதான் வந்திருக்கும்.” பல்லைப் பிடுங்கிவிட்டாளாம், குரல் தெளிவாக இருந்தது.

போனை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து மற்றப் பத்திரத்தை எடுத்தேன். மை மங்கிவிட்டது. மடிப்புக் கிழிசலில் ஒட்டிய துண்டு மட்டும் கெட்டியாக இருக்கிறது, கந்தோரின் கராம்புப் பசையால் நான் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன், வாசமில்லை. வீரபத்திரன் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்கும், இருக்கமாட்டார். சிவப்பு ரிப்பன் கட்டிக் கப்பலேறிய மகளுக்கு அறுபது வயதாகியிருக்கும். எந்த ஊரில், யாருடைய வீட்டில் இருக்கிறாளோ. தாத்தா இலங்கையில் பிறந்ததாகச் சும்மா சொல்லித் திரிந்தவர் என்றுதான் அவளுடைய அப்பா அவளிடம் சொல்லியிருப்பார். அவளும் தன் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

உன் தாத்தா பொய் சொல்லவில்லை, பிள்ளை. கொட்டாஞ்சேனையில்தான் பிறந்தார். பிந்திப் பதிந்திருந்தார்கள், அவ்வளவுதான். தேடாமல் விட்டது நான்.